ஐந்நூறும் மூவாயிரமும்

(கோயம்புத்தூரில் மோட்டார் ஆர்வலர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 அக்டோபர் 6ஆம் தேதி இங்கிலாந்தின் மெக்லாரன் நிறுவனம் டபிள்யூ1 என்ற காரை வெளியிட்டது. பதினொரு நாள் கழித்து, 17ஆம் தேதி, இத்தாலியின் ஃபெராரி எஃப்80 வந்தது. அன்று மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. கார்ப்பித்துப் பிடித்த நாலு பேர் கூடினால் போதும், எஃப்80 கட்சி ஒரு பக்கம், டபிள்யூ1 கட்சி ஒரு பக்கம். இந்த அரங்கத்திலும் இரண்டு கட்சிகளும் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். சண்டையை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. அதை ஒழுங்காகப் போடுவது எப்படி என்று பேசத்தான் வந்திருக்கிறேன். ஒப்பிடுவது நல்ல பழக்கம். ஒரு வண்டியைத் தனியாகப் பார்த்தால் ரசிக்கலாம், அவ்வளவுதான். இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான், பொறியாளர் எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்பது பிடிபடும்.

நிறுவனங்களே தந்திருக்கும் கணக்கிலிருந்து தொடங்குவோம். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எஃப்80க்கு 2.15 நொடி. டபிள்யூ1க்கு 2.7 நொடி. ஃபெராரி கட்சி இந்த இடத்திலேயே தீர்ப்பை எழுதிவிட்டு எழுந்து போய்விடும். கொஞ்சம் உட்கார்ந்து அடுத்த வரியையும் படிக்க வேண்டும். 200ஐத் தொட எஃப்80க்கு 5.75 நொடி, டபிள்யூ1க்கு 5.8 நொடி. இப்போது கழித்துப் பாருங்கள். 100லிருந்து 200க்குப் போக ஃபெராரிக்கு 3.6 நொடி ஆகிறது, மெக்லாரனுக்கு 3.1 நொடிதான். முதல் நூறில் அரை நொடிக்கு மேல் பின்தங்கிய வண்டி, அடுத்த நூறில் அந்தக் கடனை ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிடுகிறது.

காரணம் என்ன? எஃப்80இன் மூன்று லிட்டர் வி6 எஞ்சின் பின்சக்கரங்களைத் தள்ளுகிறது. முன்சக்கரங்களுக்கு ஆளுக்கொரு மின்மோட்டார். நான்கு டயர்களும் சேர்ந்து தரையைப் பிடித்துத் தள்ளுகின்றன. டபிள்யூ1இல் 1275 குதிரைத்திறனும் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகிறது. வண்டி கிளம்பும் நேரத்தில் எஞ்சினின் வலிமை ஒரு பிரச்சினையே இல்லை. இருக்கும் வலிமையைத் தரையில் இறக்க டயரால் முடியுமா என்பதுதான் கேள்வி. இரண்டு டயரை நம்பும் வண்டி அங்கே பொறுத்துத்தான் போக வேண்டும். வேகம் ஏறிய பிறகு நிலைமை மாறுகிறது. அங்கே வலிமையும் எடையும்தான் பேசும். டபிள்யூ1 திரவங்கள் இல்லாமல் 1399 கிலோ; எஃப்80 அதே கணக்கில் 1525 கிலோ. முன்னால் இரண்டு மோட்டாரைச் சுமப்பதற்கு ஃபெராரி கொடுத்த விலையில் ஒரு பகுதி அந்த 126 கிலோ. ஆக 2.15, 2.7 என்ற இரண்டு எண்களும் எது நல்ல வண்டி என்று சொல்லவில்லை. எது நான்கு சக்கரத்தால் ஓடுகிறது, எது இரண்டால் ஓடுகிறது என்று மட்டுமே சொல்கின்றன.

இந்த இரண்டில் ஒன்றை நம்மில் யாரும் வாங்கப் போவதில்லை. எஃப்80 மொத்தம் 799தான், டபிள்யூ1 399தான். எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. எஃப்80இன் விலை சுமார் 36 லட்சம் யூரோ. அப்படியிருக்க நமக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று வீட்டில் கேட்பார்கள். என் பதில் இது: இந்த வண்டிகள் பொறியியலின் திறந்த பாடநூல்கள். நல்ல பொறியாளர்களுக்குப் பணமும் காலமும் தாராளமாகக் கொடுத்தால் அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

பாடநூலைப் படிக்க முதலில் அதன் கணக்குமுறை தெரிய வேண்டும். அமெரிக்காவில் அளக்கும் முடுக்கக் கணக்குகளில் பெரும்பாலும் ஒரு பழக்கம் உண்டு. டிராக் ரேஸிலிருந்து வந்தது. வண்டி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த ஒரு அடியில் கால் நொடி வரைகூட மிச்சமாகும். இரண்டு நொடியில் முடிகிற விஷயத்தில் கால் நொடி என்பது எட்டில் ஒரு பங்கு. எடையிலும் இதே கதைதான். ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன் ஆகியவை விரும்பிச் சொல்வது உலர் எடையை, அதாவது பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் இல்லாத எடையை. போர்ஷே சொல்வது திரவங்களோடு, டாங்கில் தொண்ணூறு சதவீதம் எரிபொருளோடு இருக்கும் எடையை. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ‘இது இலகு, அது கனம்’ என்று எழுதுகிற பத்திரிகைகள் உண்டு. அதை நம்பிச் சண்டை போடாதீர்கள்.

இனி நூர்பர்க்ரிங்குக்கு வருவோம். ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் 1927இல் திறந்த தடம். அதன் வடக்குச் சுற்றில் எழுபதுக்கு மேற்பட்ட திருப்பங்கள். ஏற்றமும் இறக்கமுமாக முந்நூறு மீட்டர் உயர வேறுபாடு. ஒரு பக்கம் மழை பெய்யும்போது மறுபக்கம் வெயில் அடிக்கும். ஜாக்கி ஸ்டூவர்ட் அதற்குப் பச்சை நரகம் என்று பெயர் வைத்தார். 1976இல் நிக்கி லாடா தீக்காயங்களோடு உயிர் தப்பியதும் அங்கேதான். இன்றைக்கு எந்தப் பெரிய வண்டி வந்தாலும் முதல் கேள்வி, ரிங்கில் எத்தனை நிமிடம் என்பதுதான். உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட தேர்வு மையம் அது. ஆனால் அந்தத் தேர்வுக்கு வெகுகாலம் இரண்டு வினாத்தாள்கள் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது.

முன்பெல்லாம் 20.6 கிலோமீட்டரை அளந்தார்கள். தொடக்கத்தில் உள்ள ஒரு நேர்ப்பாதைத் துண்டு கணக்கில் வராது. 2019க்குப் பிறகு முழுச் சுற்று, 20.832 கிலோமீட்டர், அதிகாரபூர்வ அளவாகிவிட்டது. இதனால் என்ன வந்தது? 2021இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஒரே சுற்றில் இரண்டு நேரங்களைப் பதித்தது. முழுச் சுற்றுக்கு 6 நிமிடம் 59.9 நொடி. அதே சுற்றில் பழைய அளவுக்கு 6 நிமிடம் 55 நொடி. ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே நாள். இடையே நாலரை நொடிக்கு மேல்.

இந்த இரண்டாவது எண்ணை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 2013 செப்டம்பரில் இதே போர்ஷேயின் 918 ஸ்பைடர் பழைய அளவில் 6 நிமிடம் 57 நொடியில் சுற்றி வந்தது. பெரிய நிறுவனம் ஒன்றின் சாலைக் கார் ஏழு நிமிடத்தை உடைத்த முதல் நிகழ்ச்சி அது. உலகமே வாய் பிளந்தது. அந்த வண்டிக்கு 4.6 லிட்டர் வி8 எஞ்சின், இரண்டு மின்மோட்டார், நான்கு சக்கர இயக்கம், 887 குதிரைத்திறன். மெக்லாரன் பி1, லாஃபெராரி ஆகிய இரண்டோடும் சேர்த்து மும்மூர்த்திகளில் ஒன்றாகப் பேசப்பட்ட வண்டி. எட்டே ஆண்டில் அதே வீட்டின் தம்பி அதை இரண்டு நொடி முந்திவிட்டது. தம்பிக்கு 510 குதிரைத்திறன்தான். டர்போ கிடையாது. மின்மோட்டார் கிடையாது. பின்சக்கர இயக்கம் மட்டும்.

இதை அதிசயம் என்று விட்டுவிடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். ஜிடி3 சுமார் இருநூறு கிலோ இலகு. முன்சக்கரத்துக்கு ரேஸ் காரில் இருப்பது போன்ற இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். சாலையில் ஓடும் 911 ஒன்றில் அது வந்தது இதுவே முதல்முறை. பின்னால் அன்னக்கழுத்து போல வளைந்த தண்டில் தொங்கும் விங். எல்லாவற்றுக்கும் மேலாக டயர். மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 ஆர் என்ற அந்த டயரைக் கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டும் போலிருக்கும். வெளித்தோளில் கோடே இல்லாமல் வழவழவென்று, ரேஸ் டயர் மாதிரியே இருக்கும். 918 ஓடிய காலத்தில் இத்தனை பிடிமானம் உள்ள சாலை டயர் கிடையாது. இந்த எட்டு ஆண்டுகளில் ரப்பர் கலவையில் நடந்த வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை. கார் கம்பெனியின் பெயரைப் பச்சை குத்திக்கொள்கிறவர்கள் உண்டு. டயர் வேதியியலாளரின் பெயரை யாரும் கேட்பதுகூட இல்லை. சுற்று நேரத்தில் நடந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு அவர்களுடையது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது இந்த உரையின் தலைப்புக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் சீனாவின் பிஒய்டி குழுமத்தைச் சேர்ந்த யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் அதே நூர்பர்க்ரிங்கில் முழுச் சுற்றை 6 நிமிடம் 59.157 நொடியில் முடித்தது. முழு மின்சாரக் கார். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார். மொத்தம் மூவாயிரத்துக்கு மேல் குதிரைத்திறன். அடுத்த மாதமே ஜெர்மனியின் பாப்பன்பர்க் சோதனைத் தடத்தில் மணிக்கு 496.22 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பெட்ரோல் எஞ்சினோடு நூறாண்டு பழகிய ஐரோப்பிய நிறுவனங்களைப் பிடிக்க பிஒய்டிக்குச் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன. அந்தப் பொறியாளர்களுக்கு நாம் எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டும்.

ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். 510 குதிரைத்திறன் வண்டி 6:59.9. மூவாயிரம் குதிரைத்திறன் வண்டி 6:59.1. ஆறு மடங்கு வலிமை வாங்கிக்கொடுத்தது முக்கால் நொடி. கதை அதோடு முடியவில்லை. 2025இல் அதே ஜிடி3இன் புதுப்பித்த வடிவம், அதே 510 குதிரைத்திறனோடு, கையால் கியர் மாற்றும் பெட்டியோடு, 6:56.294இல் சுற்றி வந்துவிட்டது. இடது காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போட்ட ஒரு மனிதர், மூவாயிரம் குதிரைத்திறனை மூன்று நொடி முந்தியிருக்கிறார்.

எங்கே போயிற்று அவ்வளவு வலிமையும்? அந்தச் சீனக் கார் இரண்டரை டன்னை நெருங்கும் எடை கொண்டது. ஜிடி3 ஒன்றரை டன்னுக்கும் குறைவு. டயர் விஷயத்தில் இயற்கை ஒரு கண்டிப்பான கணக்கு வைத்திருக்கிறது. டயரின் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை. அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஆனால் திருப்பத்தில் வெளியே தூக்கியெறியப் பார்க்கும் விசை எடைக்குச் சரிசமமாகக் கூடிவிடும். அதனால் கனமான வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கிறது. பிரேக் பிடிக்கும் இடமும் முன்னாலேயே வந்துவிடும். உருளும் ஒவ்வொரு கிலோவையும் யாராவது நிறுத்தியாக வேண்டும் அல்லவா. வலிமை தன் வேலையைக் காட்டக் கிடைப்பது நேர்ப்பாதை மட்டும். நூர்பர்க்ரிங்கில் கடைசியில் வரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேர்ப்பாதையைத் தவிர, மூவாயிரம் குதிரைகளையும் அவிழ்த்துவிடுவதற்கு இடமே குறைவு.

மின்சாரம் வந்த பிறகு குதிரைத்திறன் மலிந்துவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். கைபேசி செய்து பெயர் வாங்கிய ஷாவ்மி நிறுவனத்தின் எஸ்யு7 அல்ட்ரா நான்கு கதவு கொண்ட குடும்பக் கார். அதில் 1548 குதிரைத்திறன். ரிங்கில் அதன் நேரம் 7:04.957. போர்ஷேயின் புதிய 911 டர்போ எஸ் 711 குதிரைத்திறனோடு 7:03.92. பாதிக்கும் குறைவான வலிமை, ஒரு நொடி முன்னால். 1987இல் 478 குதிரைத்திறன் என்றால் அது ஒரு கோட்டை. அதைக் கட்ட ஃபெராரியால்தான் முடிந்தது. இன்றைக்கு அது கடைச்சரக்கு. கடைச்சரக்காகிவிட்ட ஒன்றை வைத்து உயர்ந்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது. இனி ஒப்பீட்டில் முதல் கேள்வி எடையாக இருக்க வேண்டும். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

1987 என்று சொன்னேன். அந்தக் காலத்துச் சண்டையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்றைய கட்சிகளின் தாத்தாக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஃபெராரி எஃப்40, போர்ஷே 959.

959 அன்றைக்கு எட்டிய எல்லா அறிவையும் உள்ளே வைத்த வண்டி. ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு டர்போ. தேவைக்கேற்ப முன்னும் பின்னும் வலிமையைப் பிரித்துக்கொடுக்கும் நான்கு சக்கர இயக்கம். உயரம் மாற்றும் சஸ்பென்ஷன். டயரில் காற்று இறங்கினால் எச்சரிக்கும் கருவி. 1986 பாரிஸ்-டாக்கர் பாலைவனப் பந்தயத்தில் வென்றது அதன் உடன்பிறப்பு. உள்ளே ஏசி, நல்ல இருக்கை, தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாம். போர்ஷேக்கு அதை விற்று வந்த பணத்தைவிடச் செய்த செலவு அதிகம்.

எஃப்40 அதற்கு நேர் எதிர். நிறுவனத்தின் நாற்பதாம் ஆண்டுக்குச் செய்தது. என்ஸோ ஃபெராரி தம் வாழ்நாளில் கடைசியாக ஒப்புதல் அளித்த கார். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். கதவைத் திறந்தால் உள்ளே கைப்பிடி இருக்காது. ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்துத்தான் திறக்க வேண்டும். தரையில் கம்பளம் இல்லை. பாட்டுப்பெட்டி இல்லை. பிரேக்குக்கு உதவி பூஸ்டர் இல்லை, ஸ்டீயரிங்குக்குப் பவர் இல்லை. எடையைக் குறைக்கச் சாயத்தைக்கூட அவ்வளவு மெல்லியதாக அடித்தார்கள்; வெயிலில் உற்றுப் பார்த்தால் சிவப்புக்கு அடியில் கார்பன் நெசவு தெரியும். உலர் எடை 1100 கிலோ. 959 அதைவிடக் கணிசமாகக் கனம்.

சரித்திரம் எதன் பக்கம் தீர்ப்புச் சொன்னது? தொழில்நுட்பத்தில் 959தான் வென்றது. இன்று பெருநிறுவனங்களின் அதிவேகக் கார் பலவற்றிலும் ஓடுவது அதன் இரத்தம்: இரட்டை டர்போ, நான்கு சக்கரம், கணினி. டயர் காற்றைச் சொல்லும் அந்தக் கருவி இன்று சாதாரணக் குடும்பக் காரிலும் வந்துவிட்டது. ஆனால் மனிதர்கள் கனவு காண்பது எஃப்40ஐ. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நானும் எஃப்40 பக்கம்தான் நிற்பேன்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சி ஒன்று உண்டு, அதையும் அவையில் வைக்க வேண்டும். சற்று முன் சொன்ன 911 டர்போ எஸ், தன் முந்தைய வடிவத்தைவிட 85 கிலோ கனம். ஆனாலும் ரிங்கில் அதைப் பதினான்கு நொடி முந்தியது. அப்படியானால் எடை பெரிதில்லை என்று ஆகாதா? ஆகாது. அந்த 85 கிலோவில் இருப்பவை என்ன என்று பாருங்கள். மின்மோட்டாரால் சுழலும் டர்போக்கள். அழுத்தியதும் பதில் வருகிறது. திருப்பத்தில் வண்டி சாயாமல் தாங்கும் மின் ஹைட்ராலிக் அமைப்பு. அகலமான பின் டயர். அவற்றில் ஒவ்வொரு கிலோவும் வேலை செய்கிறது. தன்னைத் தானே சுமக்க மட்டும் இருக்கும் எடை வேறு, உழைக்கும் எடை வேறு. புதிய வண்டி வரும்போது எடை கூடியிருந்தால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். கூடியது எங்கே, எதற்கு என்று கேளுங்கள். லம்போர்கினி ஹுராக்கான் போய் டெமராரியோ வந்தபோது உலர் எடை 1422இலிருந்து 1690 கிலோ ஆனது. இயற்கையாக மூச்சு விட்ட வி10 போய், இரட்டை டர்போ வி8உம் மூன்று மின்மோட்டாரும் வந்தன. குதிரைத்திறன் 640இலிருந்து 920. அந்தப் புது எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை போகிறது என்பது பெரிய சாதனை. ஆனாலும் 268 கிலோ என்பது என் மனத்துக்கு அதிகம்.

எண்ணில் அகப்படாத ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். 2010இல் லெக்ஸஸ் எல்எஃப்ஏ வந்தது. மொத்தம் 500 வண்டிதான். அதன் வி10 எஞ்சின் 0.6 நொடியில் 9,000 சுற்றை எட்டிவிடும். எண் முகத்தில் ஓடும் முள்ளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று திரையில் வரையப்பட்ட முள்ளை வைத்தார்கள். அதன் ஒலியைச் செதுக்க யமஹாவோடு சேர்ந்து உழைத்தார்கள். அன்றைக்கு அட்டவணையில் பார்த்தவர்கள், இந்த விலைக்கு இதைவிட வேகமான வண்டிகள் உண்டே என்று ஒதுக்கினார்கள். இன்று அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது.

கார்டன் மரே என்ற பொறியாளரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். 1992இல் மெக்லாரன் எஃப்1ஐக் கொடுத்தார்: ஓட்டுநர் நடுவில், 1138 கிலோ, 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர். அதே மனிதர் 2020இல் டி.50ஐக் கொண்டுவந்தார். மீண்டும் ஓட்டுநர் நடுவில். 3.9 லிட்டர் வி12, 12,100 சுற்று. கையால் போடும் ஆறு கியர். பின்னால் 40 சென்டிமீட்டர் விசிறி ஒன்று காற்றை உறிஞ்சி வண்டியைத் தரையோடு இழுக்கிறது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. குதிரைத்திறன் 663, இன்றைய கணக்கில் அது சிறிய எண். ஆனால் நூறு வண்டிகளும் விற்றுவிட்டன.

இதைவிடப் பெரிய சாட்சி புகாட்டி. மாட்டே ரிமாட்ஸ் என்ற குரோவேஷிய இளைஞர் நெவேரா என்ற முழு மின்சாரக் காரைச் செய்தார். 1914 குதிரைத்திறன், உலக சாதனைகள் ஏராளம். 2021இல் புகாட்டி அவர் தலைமையில் வந்தது. அடுத்த புகாட்டியும் மின்சாரமாகத்தான் இருக்கும் என்று பலரும் எண்ணினார்கள். 2024 ஜூனில் அவர் திரையை விலக்கினார். உள்ளே இருந்தது 8.3 லிட்டர் வி16 எஞ்சின், டர்போவே இல்லாமல். துணைக்கு மூன்று மின்மோட்டார். பெயர் டூர்பியோன், 250 வண்டி. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி அசையாமல் நிற்க, வளையம் மட்டும் அதைச் சுற்றித் திரும்பும். அதனால் கண் முன்னே உள்ள வேகமானி மறைவதே இல்லை. அந்த வேகமானியைச் செய்தவர்கள் சுவிஸ் கடிகாரக் கலைஞர்கள். டைட்டானியத்தாலும் இரத்தினக் கற்களாலும் ஆன அறுநூறுக்கு மேற்பட்ட உறுப்புகள். மின்சாரத்தை அவ்வளவு ஆழமாக அறிந்த ஒருவர், உச்சத்தில் வைக்க ஓர் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

வரவிருப்பவற்றில் நான் உன்னிப்பாகக் கவனிப்பது இரண்டு. ஒன்று ஃபெராரியின் முதல் முழு மின்சாரக் கார். 2025 அக்டோபரில் மரனெல்லோவில் அதன் அடித்தளத்தையும் மோட்டார்களையும் காட்டினார்கள். நான்கு மோட்டார், ஆயிரத்துக்கு மேல் குதிரைத்திறன், 122 கிலோவாட் மணி பேட்டரி, எடை சுமார் 2300 கிலோ. பின் அச்சில் ஓர் உணர்வியை வைத்து, மோட்டாரின் உண்மையான அதிர்வைப் பிடித்துப் பெருக்கி ஓட்டுநர் காதுக்குத் தருகிறார்கள். செயற்கையாக எஞ்சின் சத்தம் போடாமல், இருக்கும் ஒலியையே எடுத்தது நேர்மையான வழி. ஆனால் 2300 கிலோவை வைத்துக்கொண்டு அது ஃபெராரியாக எப்படித் திரும்பப் போகிறது என்பதுதான் என் கேள்வி. மற்றொன்று டொயோட்டாவின் ஜிஆர் ஜிடி. 2025 டிசம்பரில் காட்டினார்கள். நான்கு லிட்டர் வி8, இரட்டை டர்போ, ஒரு மின்மோட்டார். இலக்கு 650 குதிரைத்திறன், 1750 கிலோவுக்குள் எடை. ஆயிரத்துக்குக் குறைந்தால் மதிப்பில்லை என்ற காலத்தில் 650ஐ இலக்காக வைக்கத் துணிச்சல் வேண்டும்.

எடையின் அருமையை நமக்கு மரனெல்லோவிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர் கரிவர்தன் அதைச் செய்து காட்டியிருக்கிறார். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அந்த எஞ்சினுக்கு வலிமை கொஞ்சம்தான். வண்டி இலகுவாக இருந்ததால் அதிலேயே பந்தயம் நடத்த முடிந்தது, வசதி குறைந்த பையனும் ஓட்ட முடிந்தது. அந்த வண்டியில் தொடங்கிய நம் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓடினார், அங்கே ஓடிய முதல் இந்தியர். கருண் சந்தோக்கும் அதே பள்ளியில் படித்தவர்தான். கரிவர்தன் 1995இல் இலகுரக விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள தடம் அவர் பெயரில் நிற்கிறது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமார் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே ஜிடி3 கப் காரில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு ஜிடி3 என்ற பெயர் நம் ஊர் டீக்கடை வரை வந்துவிட்டது. மகிழ்ச்சிதான்.

ஒரே ஒரு கவலை. இந்த வண்டிகள் நம் ஊருக்கும் வருகின்றன. அவினாசி சாலையில் சுண்ணாம்புக்கோடு அழிந்த வேகத்தடை ஒன்றைத் தாண்ட, பொத்தானை அழுத்தி மூக்கை நாலு விரற்கடை தூக்கி, குறுக்காக ஊர்ந்து போகிற காரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே ரகக் கார்தான் இரவு பதினொரு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருநூறில் போகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் அதைப் படம் பிடிக்கிறார். இருநூறிலிருந்து நிற்க டபிள்யூ1க்கு 100 மீட்டர், எஃப்80க்கு 98 மீட்டர். உலகத்திலேயே சிறந்த பிரேக், சூடேறிய டயர், சுத்தமான தடம் எல்லாம் இருந்து கிடைத்த தூரம் அது. மணல் படிந்த சாலையில், வரப்போவது தெரியாமல் சைக்கிளோடு கடக்கும் ஒருவருக்கு முன்னால் அந்தக் கணக்கு செல்லாது. நான் சொன்ன அந்த வழவழ டயர் மழைநீரைக் கண்டால் வழுக்கும். வண்டி வைத்திருப்பவர்களை உங்களில் சிலருக்குத் தெரியும். அவர்களிடம் சொல்லுங்கள்: இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் இருக்கிறது, செட்டிபாளையத்தில் இருக்கிறது, கருமத்தம்பட்டிப் பக்கம் கோஸ்ட் தடம் இருக்கிறது. வாடகைக்கு எடுக்கலாம், ஆம்புலன்ஸ் நிற்கும், எதிரே யாரும் வரமாட்டார்கள்.

வண்டி இல்லாத நமக்கும் அங்கே வேலை உண்டு. அடுத்த பந்தய வாரத்தில் செட்டிபாளையத்துக்கு வாருங்கள். நேர்ப்பாதை ஓரத்தில் நிற்க வேண்டாம். கூட்டம் அங்கேதான் இருக்கும், வேகம் மட்டும்தான் தெரியும். நேர்ப்பாதை முடிந்து பிரேக் பிடிக்கும் திருப்பத்துக்குப் போங்கள். எந்த வண்டி எங்கே பிரேக் பிடிக்கிறது, எது முந்தித் திரும்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். மாணவர்கள் மார்ஷலாகப் பெயர் கொடுங்கள். கொடி பிடிக்கவும் தீயணைப்பான் தூக்கவும் ஆள் எப்போதும் போதவில்லை, பயிற்சி அவர்களே தருவார்கள். தொப்பியும் தண்ணீரும் காதுக்கு அடைப்பானும் கொண்டு வாருங்கள்.